தண்ணீர் தேவைப்படாத வீடு

இப்போதெல்லாம் ஜனங்கள் கண்ணால் பார்ப்பதை நம்புவதில்லை. சுவரில் ஒட்டியிருப்பதைத்தான் நம்புகிறார்கள். மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறக்காமல் போனைத் தடவிப் பார்க்கிறான். பசிக்கிறதா என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறான். நாளைக்கு ஒருவனிடம் நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டால், "ஒரு நிமிஷம் இருங்க, பேப்பர்ல பாத்துச் சொல்றேன்" என்பான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்த நாளை எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன்.

நான் லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. எண் நன்றாகத் தெரியும், எழுத்து நிதானமாகத் தெரியும், பொடி எழுத்து சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் தெரியும். முள் சைபரில் நின்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. மேடையில் ஒன்றும் ஏறவில்லை என்பது ஓர் அர்த்தம். மேடை செத்துப்போயிற்று என்பது இன்னொன்று. எது என்று இறங்கிப் போய்ப் பார்க்கத்தான் ஆள் வைத்திருப்பது.

எங்கள் ஊருக்கு மேட்டுத் தொட்டியிலிருந்து பழைய தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இனிமேல் எங்கோ தூரத்து ஆற்றிலிருந்து புதுத் தண்ணீர் வரும் என்றார்கள். பழையதை மூடிப் புதியதைத் திறக்கிற வரைக்கும் ஊர் சிக்கனமாக இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்துக்கொள்ள நீர்ச் சேமிப்புப் பிரிவு என்று ஓர் அலுவலகம் முளைத்தது. அது செய்த முதல் சேமிப்பு எங்கள் தெருக் குழாயை மூடியதுதான். தெரு நீளத்துக்குக் குழி தோண்டினார்கள், குழாயைப் போட்டார்கள், குழியை மூட மறந்துவிட்டுப் போனார்கள்.

அது நடந்தபோது என் வீட்டுக்காரி படுக்கையில் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. படுத்தே கிடந்ததில் இடுப்புக்குக் கீழே புண் வைத்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு நர்ஸ் பெண் வந்து பார்ப்பாள். சின்ன வயசு, ஆனால் வார்த்தையில் பூசி மெழுகுவது கிடையாது.

"தாத்தா, தினமும் ரெண்டு வேளை கழுவணும். காய்ச்சி ஆறவச்ச தண்ணி. மருந்தெல்லாம் அப்புறம், தண்ணிதான் முதல்ல. கழுவாம விட்டா மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள போயிட்டே இருக்கும். எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

"அப்புறம் யாரைக் கூப்பிட?"

அவள் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள்.

அதனால் தினமும் காலையில் நான் சந்தை முக்குப் பொதுக் குழாய்க்குப் போய் இரண்டு வாளி சுமந்து வந்தேன். எழுபத்திரண்டு வயசுக்கு அது ஒன்றும் விளையாட்டில்லை. ஆனாலும் நடந்தது.

பிறகு அட்டை வந்தது. வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போனார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'தண்ணீர்' என்று போட்டிருந்தது. அதற்கு நேராக இரண்டு கட்டம்: 'உண்டு', 'இல்லை'. நான் குழாயைத் திருகிப் பார்த்தேன். புஸ்ஸென்று கூட ஒரு சத்தம் வரவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன். ஒரு மனுஷன் வேறு என்ன போடுவான்?

இரண்டு வாரம் கழித்து ஏணியோடு ஒருவன் வந்து வாசல் நிலைக்கு மேலே துளை போட்டான். கேட்டதற்கு, "போர்டு மாட்டச் சொன்னாங்க பெரியவரே" என்றான். நீலத் தகடு, வெள்ளை எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

முன்மாதிரி இல்லம், எண் ஒன்று. தண்ணீர் தேவைப்படாத வீடு.

"என்னங்க அது, டொக்கு டொக்குனு?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கேட்டாள்.

"நமக்குத் தண்ணியே தேவைப்படலையாம். போர்டு மாட்டுறான்."

"உங்களுக்குத் தேவைப்படாது. நீங்க குளிச்சே மூணு நாளாச்சு. என்னைக் கேட்டானா?"

எதிர்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு, அவள் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அட்டையைக் காட்டச் சொன்னேன். அவளுக்கு நல்ல கண்ணு. 'தண்ணீர்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே ஊசி முனை அளவு எழுத்தில் ஒன்று இருந்தது. அவள் படித்துச் சொன்னாள். "தேவைப்படுகிறதான்னு போட்டிருக்கு மாமா. நீங்க இல்லைன்னு போட்டுட்டீங்களா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. போய்ச் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் வாளியோடு சந்தை முக்குக்குப் போனேன். குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான், கையில் பட்டியல். வீட்டு எண்ணைக் கேட்டான். சொன்னேன். எழுந்து நின்று கும்பிட்டான்.

"ஐயா, நீங்களா! நீங்க இங்க வரலாமா? நீங்க வாளியோட நின்னா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? தண்ணியே தேவைப்படாதவரே வரிசையில நிக்கிறார்னா, தேவைப்படுறவன் எத்தனை வாளி கேப்பான்?"

"எனக்குத் தேவைப்படுதுப்பா. வீட்ல நோயாளி."

"பட்டியல்ல அப்படி இல்லையே ஐயா." வாளியை அவனே வாங்கி, கவிழ்த்து, துடைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

நேராக அலுவலகத்துக்குப் போனேன். பழைய தபால் கட்டடத்தின் மாடி. படியெல்லாம் சுவரொட்டி; ஒவ்வொன்றிலும் ஒரு துளி தண்ணீர், அதற்கு ஒரு முகம், அந்த முகத்தில் அழுகை. மேலே ஒரு குமாஸ்தா இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பெரிய புத்தகத்தை எடுத்து, விரலை நாக்கில் தொடப்போய், ஏதோ ஞாபகம் வந்து நிறுத்திவிட்டு, காய்ந்த விரலாலேயே பக்கத்தைப் புரட்டினார்.

"மாத்தலாம். தேவை இருக்குன்னு நிரூபிக்கணும்."

"எப்படி?"

"போன ரெண்டு மாசம் எவ்வளவு உபயோகிச்சீங்கன்னு மீட்டர் கணக்கு இருக்கும்ல, அதான் தேவை." பார்த்தார். "சைபர்."

"குழாயை மூடிட்டீங்க. சைபர்தானே காட்டும்?"

"மூடினது எங்க பதிவேடு இல்லைங்க. அது குழாய்ப் பிரிவு. இங்க சைபர்னா உபயோகிக்கலை. உபயோகிக்கலைன்னா தேவையில்லை. ரெண்டு மாசம் தண்ணி இல்லாம இருந்திருக்கீங்க, உயிரோட படியேறி வந்திருக்கீங்க. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"அப்ப நான் செத்து வந்திருக்கணுமா?"

"செத்தாலும் தேவையில்லைன்னுதான் வரும்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. புத்தகத்தில் அந்தக் கட்டத்தையும் காட்டினார்.

சத்தம் கேட்டுச் சேமிப்பு அதிகாரி தன் அறைக்குள்ளிருந்து வந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். மேஜை நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளர், பாதி தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடி, தட்டில் தேதி எழுதி ஒட்டியிருந்தது. அவர் இந்த வேலைக்கு வந்த அன்று ஊற்றியதாம், இன்னும் தொடவில்லையாம்.

"பெரியவரே, தண்ணிக்கு எதிரி யாரு தெரியுமா? வெயில் இல்லை. குழாய் ஓட்டை இல்லை. மனுஷன். மனுஷன் கைக்குப் போன தண்ணி திரும்பி வந்ததே கிடையாது. அதனால தண்ணியைச் சேமிக்க ஒரே வழி, அதை ஜனங்ககிட்ட இருந்து காப்பாத்துறது. போன மாசம் இந்த ஊர் எவ்வளவு சேமிச்சிருக்குன்னா, கொடுக்கிறதுக்கே ஒண்ணும் இல்லை. அவ்வளவு சேமிச்சிருக்கோம்!"

"சேமிச்ச தண்ணி எங்க இருக்கு?"

"சேமிப்புல இருக்கு."

"என் வீட்டுக்காரிக்குப் புண்ணு கழுவணும் ஐயா. ரெண்டு வாளி."

அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "உங்க பேரு மேலிடம் வரைக்கும் போயிருச்சு. எண் ஒன்று தப்புன்னு சொன்னா எண் ரெண்டு என்னாகும், மூணு என்னாகும்? ஊருக்காகக் கொஞ்சம் பொறுங்க. உங்க வீட்டைப் பாக்கப் பார்வையாளர்களை அனுப்புறேன். நாலு பேர் வந்து போனா உங்களுக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

அனுப்பினார். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். காலி வாளியைப் படம் எடுத்தார்கள். குழாயைத் திருகி, ஒன்றும் வராததைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். படுக்கையைச் சுற்றி நின்றார்கள். ஓர் அம்மா நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "தண்ணி இல்லாம எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்று என் வீட்டுக்காரியைக் கேட்டாள்.

"கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கேன்" என்றாள் இவள்.

"தியானம்" என்று அந்த அம்மா எழுதிக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லார் கையிலும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் இருந்தது. வெயிலில் பாதி குடித்துவிட்டு மீதியை ஜன்னல் மேடையிலும் நாற்காலிக்கு அடியிலும் வைத்துவிட்டு மறந்து போனார்கள். அவர்கள் போனதும் நான் அத்தனையும் பொறுக்கி ஒரே பாத்திரத்தில் ஊற்றினேன். காய்ச்சினேன். ஆறவைத்தேன். அன்றைக்குப் புண்ணைக் கழுவியாயிற்று.

மானம் கெட்ட வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு பார்வையாளர் வந்தால் நான் வாசலுக்கே போய் வரவேற்க ஆரம்பித்தேன். அதிகாரி சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். எனக்குத் தாகம் என்றால் என்னவென்றே மறந்துபோயிற்று என்றேன். கைதட்டினார்கள். கைதட்ட வேண்டுமென்றால் பாட்டிலைக் கீழே வைத்தாக வேண்டும், அது எனக்குத் தெரியும்.

"இன்னைக்கு எத்தனை பேருங்க?" என்று காலையில் எழுந்ததும் இவள் கேட்பாள்.

"பன்னெண்டு பேராம்."

"வெயில் எப்படி?"

"கொளுத்துது."

"அடப் பாவமே. எல்லாத்தையும் குடிச்சுத் தொலைச்சிருவாங்களே."

எங்கள் வீட்டைப் பார்த்துத் தெருவுக்கே ஆசை வந்துவிட்டது. தையல்காரி என்னிடம் சொல்லாமலே போய் 'இல்லை' என்று மாற்றி எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு எண் இரண்டு.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? தெரிஞ்சே போட்டியா?"

"உங்க வீட்டுக்கு மட்டும் வண்டி வண்டியா வருதே மாமா, நாங்க என்ன இளிச்சவாயங்களா? அதுவும் இல்லாம, தேவைப்படுதுன்னு போட்டவங்களுக்கு மட்டும் தண்ணி வந்துச்சா? அவங்களுக்கும் வரலை. போர்டும் இல்லை. எனக்குப் போர்டாவது இருக்கு."



ஒரு மாதத்தில் தெருவின் இரண்டு பக்கமும் நீலத் தகடு. முப்பத்தெட்டு வீடு. துணி காயப்போடும் கொடிகள் காலியாகின. காலையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. தெருவில் திரிந்த நாய்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரியாதல்லவா. பக்கத்தில் நின்று பேசும்போது ஜனங்களின் உதடு வெடித்திருப்பது தெரிந்தது. ஆனால் எல்லாரும் மெதுவாக, பெருமையாக, எச்சில் விழுங்காமல் பேசினார்கள். தையல்காரி நூலை நாக்கில் ஈரப்படுத்தித்தான் ஊசியில் கோர்ப்பாள். இப்போது ஒரு நூலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் குத்திக்கொண்டிருந்தாள்.

பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள். முப்பத்தெட்டு வீட்டுக்கும் பிரித்துவிட்டதில் எனக்கு வாரத்துக்கு இரண்டு பாட்டில் மிச்சம் கிடைத்தால் பெரிது. அதற்கும் ஒருநாள் கேடு வந்தது. பார்வையாளர்கள் தண்ணீரை வீணாக விட்டுச் செல்வதாக அலுவலகத்துக்குப் புகார் போயிற்றாம். மறுவாரம் வந்தவர்கள் எல்லார் கையிலும் பாட்டில் இருந்தது. மூடி திருகியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"இது உறுதிமொழி பாட்டில்" என்று ஒருவர் எனக்கு விளக்கினார். வாயில் வைத்து அண்ணாந்தும் காட்டினார்.

அந்த வாரம் நர்ஸ் பெண் புண்ணுக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுப் பார்த்தாள். குச்சி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவள் அதை வெளியே எடுத்து, தன் விரலோடு சேர்த்துப் பிடித்து அளந்து எனக்குக் காட்டினாள். ஒரு விரல் நீளம்.

என்னை வாசலுக்குக் கூட்டி வந்து தணிந்த குரலில் சொன்னாள். "ரெண்டே நாள் தாத்தா. அதுக்குள்ள தண்ணி இருக்கிற இடத்துக்குக் கொண்டு போயிருங்க. யார் வீடா இருந்தாலும் சரி."

என் வீட்டுக்காரியின் தங்கை இரண்டு மணி நேரத் தொலைவில் வேறு ஊரில் இருக்கிறாள். அடிபம்பு உண்டு. அங்கே போய்விடலாம் என்று உள்ளே வந்து சொன்னேன்.

"நாளைக்குப் புதுத் தண்ணி திறக்கிறாங்களாமே" என்றாள். "நம்ம வீட்டுக் குழாயிலதான் முதல்ல திறக்கிறாங்கன்னு தையல்காரி சொன்னா. ஒரு நாள் பாப்போம். தங்கச்சி வீட்டுக்குப் போனா வாய் ஓயாது அவளுக்கு."

"வரும்னு நம்புறியா?"

"இத்தனை பேர் சேர்ந்தா பொய் சொல்வாங்க?"

ஆனாலும் நான் மறுநாள் மதியத்துக்கு ஒரு வேன் சொல்லி வைத்தேன். குழி கிடப்பதால் வேன் தெருக்கோடியில்தான் நிற்க முடியும். எடைமேடையில் என்னோடு வேலை பார்த்தவனிடம் மூட்டை தள்ளும் நாலு சக்கர வண்டி ஒன்று இரவல் வாங்கி, அதில் மெத்தை விரித்து வைத்தேன்.

காலையில் பந்தல் போட்டு நாற்காலி போட்டார்கள். ஊரே வந்துவிட்டது, எல்லார் இடுப்பிலும் குடம். என் வீட்டு முற்றத்துக் குழாயில் ரிப்பன் கட்டியிருந்தது. அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊர் தண்ணீருக்குத் தகுதியானதா என்று மேலிடத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. இன்று நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள்! தண்ணீர் இல்லாமல் வாழத் தெரிந்தவர்களுக்கே தண்ணீர் கொடுக்கலாம். அவர்களிடம் கொடுத்தால் அது பத்திரமாக இருக்கும். புதிய ஆற்றை நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அதன்மேல் ஆசை வந்துவிடும். ஆனால் அதன் வரைபடத்தைப் பார்த்தேன். மிக நீளமாக இருக்கிறது!"

ரிப்பனை வெட்டினார். குழாயைத் திருகினார்.

முதலில் பூமிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தூரத்தில், கிழட்டு மாடு கத்துகிற மாதிரி. அது நெருங்கி நெருங்கி வந்தது. குழாய் உதறியது. பிறகு உஸ்ஸென்று ஒரே காற்று. காற்றுதான். நிற்காமல் அடித்தது.

சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் காற்றில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எண் ஏறிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவும் அதைத்தான் பார்த்தார். அவர் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓடுது ஐயா! ஒண்ணு! ரெண்டு!" என்று கத்தினார்.

கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. உள்ளேயிருந்து இவள் குரல் கேட்டது. "ஏங்க, வந்துருச்சா?"

"கைதட்டுதான் வந்திருக்கு" என்றேன்.

நான் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்க்கு நேரே நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க. இது தண்ணியா?"

அவர் கையை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. பயம் மாதிரி இருந்தது. மீட்டரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சில்லுன்னு இருக்கு."

அவ்வளவுதான். கூட்டம் வரிசையில் நின்றது. தையல்காரி முதல் ஆள். குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். காற்று குடத்துக்குள் போய் ஊம் என்று ஊதியது. போதும் என்று அவளாகவே நினைத்த நேரத்தில் எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"பாத்து மெதுவா எடுத்துட்டுப் போம்மா, சிந்திராம" என்றார் குமாஸ்தா.

நான் முப்பத்தொரு வருஷம் பாரத்தைப் பார்த்தவன். நிறைகுடம் வைத்த இடுப்பு ஒரு பக்கம் சாயும், எதிர்ப்பக்கத்துக் கை தானாக விரியும். அவள் நேராகத்தான் நடந்தாள். எனக்கு அதில் ஒரு நிம்மதி. தையல்காரிக்காவது தெரிகிறது, சும்மா ஊருக்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. குடத்துல என்ன இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். வெடித்த உதட்டை நாக்கால் தடவினாள். "மெல்லப் பேசுங்க மாமா. நிறுத்திடப் போறாங்க" என்றாள்.

இரண்டாவது நடைக்கு வந்தபோது அவள் இடுப்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூன்றாவது நடையில் எதிர்ப்பக்கத்துக் கை விரிந்துவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அவள் நடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெரு முழுக்கக் காலிக் குடங்களோடு ஜனங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பாரம் தாங்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்கள்.

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

உள்ளே போய் இவளைத் தூக்கினேன். விழுந்த அன்று குளியலறையிலிருந்து தூக்கியதும் நான்தான்; அன்றைக்கு ஐம்பத்தெட்டு கிலோ இருந்தாள். இன்றைக்கு நாற்பத்தொன்று. எனக்கு முள் தேவையில்லை. வண்டியில் படுக்க வைத்துப் போர்வையைச் செருகினேன்.

"வரலையா?" என்றாள்.

"ஊருக்கு வந்திருக்கு. நமக்கு வரலை."

வாசலில் குமாஸ்தா வழிமறித்தார். "மூணு யூனிட் ஓடியிருக்கு. தேவைப்படாத வீட்டுல மூணு யூனிட் எப்படி ஓடுச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

"நீங்களே எழுதிக்குங்க. எனக்குப் பொடி எழுத்து தெரியாது."

வண்டியைத் தள்ளினேன். குழியோரமாகத்தான் போக வேண்டியிருந்தது. சாய்ந்து சாய்ந்து வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாருடைய குடத்தின் மேலும் இடித்துவிடாமல் பார்த்துப் போனேன். இடித்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், அவர்கள் அதைக் கேட்க வேண்டாம் என்றிருந்தது.

"பெரியவரே!" பின்னாலிருந்து அதிகாரி மைக்கிலேயே கூப்பிட்டார். "முதல் வீட்டுக்காரர் நீங்க. ஒரு வாய் குடிச்சுட்டாவது போங்க!"

நான் திரும்பிப் பார்க்காமல் கத்தினேன். "குடிச்சவங்க யாராவது ஏப்பம் விடட்டும் முதல்ல. அப்புறம் பாக்கலாம்."

பந்தல் பக்கமிருந்து ஓர் ஏப்பம் கேட்டது. நீளமானது, திருப்தியானது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக, தெரு முழுக்க.

"யாரோ வயிறாரக் குடிச்சிருக்காங்க" என்றாள் வண்டியில் படுத்திருந்தவள்.

"காத்தைக் குடிச்சாலும் ஏப்பம் வரும்" என்று சொல்லிவிட்டு, வேன் நிற்கிற பக்கம் வண்டியைத் தள்ளினேன்.